பீஸ் இல்லாத தலை

மாங்குளம் சந்தியில் இறங்கி, "பீஸ் அக்காவின்ர கடை எது?" என்று யாரைக் கேட்டாலும் என் கடையைக் காட்டிவிடுவார்கள். கடைக்கு ஒழுங்கான பெயர்ப்பலகை உண்டு. என் மகளின் பெயரைச் சிவப்பு எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் கீறுவித்தோம். அதை இன்றுவரை ஒருவரும் வாசித்ததில்லை. ஏ-ஒன்பது வீதியில் ஓடுகிற பஸ்காரர் அத்தனை பேருக்கும் நான் பீஸ் அக்காதான்.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். வன்னியில் பீஸ் என்றால் கோழிக்கறித் துண்டு இல்லை. செல், அதாவது எறிகணை, வெடித்துச் சிதறி உடம்புக்குள் போய்த் தங்கிவிட்ட இரும்புத் துண்டு. தொடையில் பீஸ், முதுகில் பீஸ், கழுத்தில் பீஸ் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் அதோடேயே வயல் விதைக்கிறார்கள், கலியாணம் செய்கிறார்கள், தேருக்கு வடம் பிடிக்கிறார்கள். என் பீஸ் தலையில், வலது காதுக்கு மேலே, மயிருக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் வடை சுட்டேன், ரொட்டி போட்டேன், கடன் சொல்கிறவர்களோடு சண்டையும் பிடித்தேன். அது பீஸே இல்லை என்று தெரியவந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். மண்டையில் கட்டி என்று கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது. அப்படிப் பயந்துபோய் இருக்கும் ஒருவராவது இதை வாசித்து ஒரு நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டால் எனக்குப் போதும்.

இறுதிச் சண்டை நேரம் எனக்கு இருபது வயது. நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் மூச்சு விட முடியாத வெக்கை. பக்கத்தில் எங்கோ கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாதான், "வா பிள்ளை, ரெண்டு பேரும் போனா ரெண்டு பங்கு தருவினம்" என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் செல் விழுந்தது. எங்களுக்கு முன்னால் போனவர்கள் எழும்பவில்லை. என் தலையிலிருந்து இரத்தம் வடிந்தது. அம்மா சீலையைக் கிழித்துக் கட்டினார். காயம் சில நாளில் ஆறிவிட்டது. பிறகு முகாமில் பேன் பார்க்கும்போது அவருடைய விரலில் ஒரு புடைப்புத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும், கல்லுப் போலக் கடினம். "ஐயோ, பீஸ் உள்ளுக்க நிண்டிட்டுது" என்றார். மறுத்துப் பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை. செல் விழுந்தது உண்மை, இரத்தம் வந்தது உண்மை, புடைப்பு இருந்ததும் உண்மை.

அன்றிலிருந்து அம்மா என் தலையை வேறு ஒருவர் தொட விட்டதில்லை. நான் கலியாணம் முடித்து மாங்குளத்துக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமை முழுக்குக்குத் துணுக்காயிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். நல்லெண்ணெயை உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பார். அந்த இடம் வந்ததும் அவருடைய விரல் மெல்லச் சுற்றிக்கொண்டு போகும். தான்தான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனது என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த நினைப்பிலேயே என் அம்மா பாதி ஆளாகிப் போனார். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதைக்கமாட்டார். என் தலையைப் பற்றி யாராவது விசாரித்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

தலையில் இருக்கிற பீஸைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். தோண்டப் போய் ஆள் முடிந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். ஆகவே நானும் தொடவில்லை, ஒரு டொக்டரிடமும் காட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அது பெருக்கத் தொடங்கியது. புளியங்கொட்டை பாக்காகி, பாக்கு பாதி எலுமிச்சங்காய் ஆனது. முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். எங்கள் வழக்கப்படி நான் அவரை இவர் என்றுதான் சொல்வேன். "இஞ்சேர், உது வளருதப்பா" என்றார் இவர். அம்மாவிடம் அதற்கும் மறுமொழி இருந்தது. "மழைக்காலம் எல்லே? துருப்பிடிச்சா இரும்பு வீங்கும். உங்கட வாசல் கேற்றைப் பாக்கேல்லையே?"

கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பஸ் சாரதிமார் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். நானும் நம்பினேன். எங்கள் கேற் உண்மையிலேயே வீங்கித்தான் இருந்தது.

பிறகு தலையிடி வந்தது. வலப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. ஒரு நாள் கொதிக்கிற கேத்திலைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இவர் ஓடி வந்து பிடித்திராவிட்டால் கால் இரண்டும் வெந்திருக்கும். இவர் கோபப்பட்டு நான் கண்டது குறைவு. அன்று அடுப்பில் கிடந்த வடையைக்கூட எடுக்காமல் கடையைப் பூட்டி, என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்த லேடி டொக்டர் என்னைவிட வயதில் குறைந்தவர்.

"தலையில என்ன அக்கா?"

"பீஸ், டொக்டர். செல் பீஸ்."

"ஆர் சொன்னது?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "என்ர தலை, டொக்டர். எனக்குத் தெரியாதோ?" என்றேன். இவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

டொக்டர் கோபிக்கவில்லை. விரலால் கட்டியின் ஓரத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். "இது வளருதெண்டெல்லே சொல்லுறீங்கள்? இரும்பு வளராது அக்கா."

"துருப்பிடிச்சு..." என்று தொடங்கினேன். அந்த அறைக்குள் அது எனக்கே சிரிப்பாகக் கேட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் அதை மாட்டிவிட்டு டொக்டர் எங்கள் இருவரையும் கிட்டக் கூப்பிட்டார். "பீஸ் எண்டா இதில பளீரெண்டு வெள்ளையாத் தெரியும். இஞ்ச பாருங்கோ." அவர் காட்டிய இடத்தில் வட்டமான கறுப்பு ஓட்டை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, சின்னப் பிள்ளையின் காப்பு அளவில். "இரும்பு ஒரு துண்டும் இல்லை. உள்ளுக்க இருந்து ஏதோ ஒண்டு எலும்பை அரிச்சிருக்கு. ஓரம் இப்பிடி வடிவா வெள்ளையா இருந்தா அநேகமா நல்ல சாதிக் கட்டிதான். ஆனா நான் முடிவாச் சொல்ல மாட்டன். யாழ்ப்பாணம் போங்கோ."

சந்தோசப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். சொந்தக் காணியில் இத்தனை வருடமாக வேறு யாரோ குடியிருக்கிறான் என்று சொன்னதுபோல இருந்தது. பீஸ் எனக்குத் தெரிந்த சாமான். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, எல்லாம் தெரியும். இது என்ன? எலும்பை அரிக்கிறது என்றால் கான்சரோ? வழி முழுக்க இவரும் நானும் நினைத்தது அந்தச் சொல்லைத்தான்.

அம்மா இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். "எக்ஸ்ரே பிழை."

யாழ்ப்பாணத்துக்கு அம்மாவும் என்னோடு வந்தார். அங்கே பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் காத்திருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். விடியப் போய் நம்பர் எடுத்து, வாங்கிலில் இடம் பிடித்து, அந்த இடத்தைக் காப்பாற்றவும் வேண்டும். கடைக்காரிக்கு அது பெரிய வேலை இல்லை. வரிசைக்குள் புகப் பார்த்த ஒருவரை ஒரு பார்வையிலேயே திருப்பி அனுப்பினேன். முதலில் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். அது எக்ஸ்ரேயின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். தலையைப் பாண் வெட்டுவது போல மெல்லிய மெல்லிய துண்டாக வெட்டிக் காட்டும், ஒரு துளி வலி இல்லை. அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. அது காந்தத்தால் படம் எடுக்கிற மெசின். கட்டிக்குள் இருப்பது தண்ணீரா, சதையா, வேறு ஏதுமா என்று அதில்தான் பிரித்துப் பார்க்கலாமாம்.

அந்த அறை வாசலில் வைத்து வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார். "உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ?"

"இல்லை" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல நாக்குத் தடுமாறியது.

"இருக்கு!" என்று பின்னால் கத்தினார் அம்மா. கத்தினார் என்றுதான் எழுதவேண்டும். கூட்டத்தில் வாய் திறக்காத மனுசி, கொரிடோர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "தலையில பீஸ் இருக்கு தம்பி! காந்தம் இழுத்தா பிள்ளையின்ர மண்டை பிளந்துபோடும்!"

வெள்ளை உடுப்புக்காரர் அம்மாவைக் கதிரையில் இருத்தினார். "ஸ்கானில இரும்பு இல்லை அம்மா."

"இருக்கு. எனக்குத் தெரியும். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

"எங்க அம்மா?"

அம்மா சொன்னார். பங்கர், கஞ்சி, இரண்டு பங்கு, முன்னால் போனவர்கள், எல்லாம் சொன்னார். எனக்கு ஒருநாளும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் சுவரோடு ஒட்டி நின்று அழுதேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கட சொல்லுக்காக டொக்டரிட்ட இன்னொருக்காக் காட்டிப்போட்டுத்தான் எடுப்பம்" என்றார். அன்றைக்கு எம்.ஆர்.ஐ. நடக்கவில்லை. பெரிய டொக்டர் எல்லாப் படத்தையும் மறுபடி பார்த்து இரும்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் இன்னொரு நாள் நடந்தது.

அந்த மெசினுக்குள் போவது ஒரு குழாய்க்குள் போவது போல. உள்ளே டமார் டமார் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எங்களைப் போன்ற ஆட்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று விளக்கத் தேவையில்லை. பயமாக இருந்தால் அமத்தும்படி கையில் ஒரு றப்பர்ப் பந்து தருவார்கள். பயமாகத்தான் இருந்தது. நான் அமத்தவில்லை. ஓ.எல். சோதனை பாஸ் பண்ணியபோதும் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து வாட்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் முள்ளிவாய்க்கால் ஜெசிந்தா அக்கா. புருசன் கடலுக்குப் போகிறவர். அக்காவின் முதுகில் உண்மையான பீஸ், கால் விறைக்கத் தொடங்கியதால் வந்திருந்தார். என் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உனக்கு இல்லையெண்டு கவலைப்படாதை பிள்ளை. என்னட்ட மூண்டு கிடக்கு. ஒண்டைக் கழட்டித் தரட்டோ?"

சத்திரசிகிச்சை டொக்டர் என் கட்டிலருகே நின்று, மேசையில் கிடந்த கிரீம் பிஸ்கட் ஒன்றை எடுத்துத்தான் விளங்கப்படுத்தினார். மண்டை ஓடு ஒரே பலகை இல்லை. வெளியே ஒரு ஓடு, உள்ளே ஒரு ஓடு, நடுவில் பஞ்சு மாதிரி எலும்பு. "கிரீம் இருக்கிற இடத்திலதான் உங்கட கட்டி இருக்கு. நீங்கள் தாயின்ர வயித்துக்குள்ள உருவாகேக்க, தோலாகப் போகவேண்டிய கொஞ்சக் கலங்கள் வழி மாறி எலும்புக்குள்ள மாட்டுப்பட்டிட்டுது. அதுகளுக்குத் தெரிஞ்சது தோலின்ர வேலைதான். எங்கட தோல் நாளாந்தம் ஊத்தையா உரிஞ்சு போகுதெல்லே? அதுகளும் உரிக்குது. வெளியில போக வழியில்லை. உள்ளுக்கயே சேர்ந்து சேர்ந்து எலும்பை அரிச்சுக்கொண்டு பெருக்குது." அதற்கு எபிடெர்மொயிட் சிஸ்ட் என்று பெயராம். கான்சர் இல்லை, பரவாது. ஆனால் உள்பக்க ஓடும் அரிபட்டு, கட்டி மூளையின் உறையில் முட்டிக்கொண்டு நின்றது, அதனால் விட முடியாது. "நான் இத்தனை வருசத்தில கை விரல் விட்டு எண்ணக்கூடியதுதான் கண்டிருக்கிறன். எண்டாலும் லாபில பாக்குமட்டும் சத்தியம் பண்ண மாட்டன்" என்றார்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப டொக்டர், செல்லால வந்ததில்லையோ?"

"செல்லுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா."

"அண்டைக்கு வெளியில போகாட்டியும் இது இருந்திருக்குமோ?"

டொக்டருக்கு அந்தக் கதை தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "எங்க போயிருந்தாலும் இருந்திருக்கும். போகாட்டியும் இருந்திருக்கும்."

அவர் போன பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார். "லாப் ரிப்போட் வரட்டும்."

மறுநாளிலிருந்து மருத்துவ மாணவர்கள் கூட்டம் கூட்டமாக என்னைப் பார்க்க வந்தார்கள். அபூர்வக் கட்டியாம். பயம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு மெல்ல மெல்லத் தலைக்கனம் பிடித்தது. பீஸ் என்றால் ஊருக்கு நூறு பேரிடம் இருக்கும். இது டொக்டர் படிக்கிற பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்க்கிற சாமான். "அமத்தாமல், ஓரத்தைத் தடவுங்கோ பிள்ளையள்" என்று நானே பாடம் நடத்தத் தொடங்கினேன். ஜெசிந்தா அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இவர் கடையையும் மகளையும் பார்க்கவேண்டி மாங்குளத்தில் நின்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் விடியற்காலை பஸ்ஸில் ஒரு புட்டுப் பார்சல் வந்தது. கொண்டக்டர் அதை யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கையில் கொடுப்பார். முதல் நாள் இவர் அவித்த புட்டைக் கல்லுக்குப் பதிலாக எடுத்து எறியலாம். நான் போன் எடுத்து ஏசினேன். அடுத்த நாளில் இருந்து மெதுவாக இருந்தது. பஸ்காரர் அந்தப் பார்சலோடு தோடம்பழமும் சேர்த்துவிட்டார்கள். கடன் சொல்லிக் குடிக்கிற சாரதி ஒருவர்கூட அனுப்பியிருந்தார். அதைச் சாப்பிடும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சத்திரசிகிச்சைக்கு முன் வலப்பக்கத்து மயிரை மழிக்க வந்த நேர்ஸிடம் அம்மா, "நான் பிடிக்கிறன் மிஸ்" என்று என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மயிர் போன பிறகு கட்டி முழுசாக வெளியே தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்றார். பொய் சொல்லாததே பெரிய ஆறுதலாக இருந்தது.

மயக்கம் தெளிந்தபோது ஒரு குரல் என் பெயரையும் நான் எந்த ஊர் என்பதையும் கேட்டது. "மாங்குளம். கடை பூட்டிக் கிடக்கோ?" என்று கேட்டேனாம். அதைக் கேட்டுத்தான் மூளைக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் நிம்மதி வந்ததாக ஜெசிந்தா அக்கா பிறகு சொன்னார். கட்டியை அதன் மேலுறையோடு முழுசாக எடுத்துவிட்டார்கள். அந்த மேலுறையில் கொஞ்சம் விட்டாலும் திரும்ப வருமாம். உள்ளே இருந்தது வெள்ளை வெளேரென்று, பிசைந்த அரிசிமா மாதிரி இருந்ததாக டொக்டர் சொன்னார். எலும்பு போன இடத்தை எலும்புச் சீமெந்து வைத்து அடைத்தார்கள். அம்மா டொக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "காந்தம் வைச்சுப் பாத்தனீங்களோ?"

ரிப்போட் வரும்வரை இருந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். தையல் வெட்டியாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று, ஆனால் முடிவு மட்டும் காற்றில் தொங்கியது. எனக்குக் கான்சர் பயம். அம்மாவுக்கு வேறு பயம். இரண்டுக்கும் மறுமொழி அந்த ஒரு ரிப்போட்டில்தான் இருந்தது. கிளினிக் நாளில் அம்மாவும் நானும் போனோம். டொக்டர் வாசித்துவிட்டு முகம் மலரச் சொன்னார். "நான் சொன்னதுதான். எபிடெர்மொயிட் சிஸ்ட். கான்சர் இல்லை. பிறவிக் கட்டி."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.

அவர் சொன்னார். அம்மா மூன்றாம் முறையும் கேட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தும் அந்த மனிதர் மூன்றாம் முறையும் சொன்னார். நான் அவரைக் கும்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். மழித்த பக்கத்தில் மயிர் இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, காதைச் சுற்றித் தையல் தழும்பு அப்படியே தெரிந்தது. நான் சீலைத் தலைப்பால் மூடவில்லை. ஏன் மூடவேண்டும்? உயிரோடு வருகிற தலை. கிளிநொச்சியில் ஏறிய வயதான ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்கிறதைத்தான் அவரும் கேட்டார்.

"பிள்ளைக்குச் செல் பட்டதோ?"

நான் வாயைத் திறக்க முதல் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லை அண்ணை. இது என்ர வயித்துக்குள்ளயே வந்தது. டொக்டர்மாரே அதிசயமெண்டு வந்து வந்து பாத்தவை."

"அப்ப செல் ஒண்டும் படேல்லையோ?"

"முன்னுக்கு விழுந்தது. தோலில ஒரு கீறல்தான்" என்றார் அம்மா, முன் சீற்றில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி. "நான் கையில பிடிச்சுக்கொண்டெல்லே போனனான்!"